திரை, பதிவு, படுக்கையோரம்: பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ மாணவர்கள் கண்ட வேறுபாடு

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆறு நாட்களில், நோயாளிகளை நேரில் தொட்டுப் பழகும் மாணவர் பயிற்சியை நிறுத்திவைக்குமாறு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் பரிந்துரைத்தது. பிற நாடுகளிலும் வகுப்பறைகள் திரைக்குள் போயின. என்னைப்போல் அந்தக் காலத்தைப் படித்துக் கடந்த மருத்துவ மாணவர்களிடம் இணையவழிக் கல்வி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் முரணான பதில்களே வரும். எந்தப் பாடம், எந்த ஆண்டு, நேரலையா பதிவா என்று பிரித்துக் கேட்டால்தான் அவர்களுடைய தீர்ப்பு துலங்கும். அப்படிப் பிரித்துப் பார்ப்பதே இங்கே என் நோக்கம்.

விரிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டால், பதிவு செய்த காணொளிக்கே என் வாக்கு. தானியங்கு நரம்பு மண்டலத்தில் (நம் விருப்பமின்றியே உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகளில்) செயல்படும் மருந்துகளைப் போன்ற சிக்கலான பாடத்தில், ஓரிடத்தில் நிறுத்தி, மருந்து போய் ஒட்டும் எந்த ஏற்பி எந்த உறுப்பில் இருக்கிறது என்று தாளில் வரைந்து பார்த்துவிட்டு, மீண்டும் ஓடவிடும் வசதி எந்த அரங்கிலும் கிடைத்ததில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் ஒரு மணி நேர உரை 40 நிமிடங்களில் முடிந்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மலைபோல் குவிந்த பதிவுகளைக் கண்டு கலங்கியவர்களும் ஏராளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் குறை நேர ஒழுங்கு சார்ந்தது, பழகினால் சரியாகும்.

நேரலை வகுப்பின் குறை வேறு வகைப்பட்டது. கேமராவை அணைத்துவிட்ட நூறு கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசும் ஆசிரியருக்கு, யாருடைய முகத்தில் குழப்பம் தெரிகிறது என்று அறிய வழியே இல்லை. அதே வேளையில், அரங்கில் ஒருநாளும் கை தூக்காத மாணவி அரட்டைப் பெட்டியில் தயங்காமல் கேள்வி கேட்டாள்; அதைச் சிறிய ஆதாயமாக நான் நினைக்கவில்லை. எட்டுப் பத்துப் பேர் கூடி ஒரு நோயாளியின் வரலாற்றை அலசும் கலந்துரையாடலுக்கு நேரலை நன்றாகவே பொருந்தியது. நுண்ணோக்கிப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: திசுத் துண்டுகள் ஒட்டிய கண்ணாடி வில்லைகளை (ஸ்லைடுகளை) ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது, மங்கிய பழைய நுண்ணோக்கியைவிடப் பலருக்கும் தெளிவாக இருந்தது.

உடற்கூறியலில் நிலைமை தலைகீழ். முப்பரிமாண மென்பொருளில் அக்குளைத் திறந்தால் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். இறந்தவர் உடலை அறுத்துக் கற்கும் கூடத்தில், பதப்படுத்திய உடலில் இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே வெளிறிய நிறத்தில், கொழுப்புக்கும் இணைப்புத் திசுவுக்கும் இடையில் புதைந்து கிடக்கும். விரல்களுக்கு இடையில் வைத்து உருட்டிப் பார்க்கும்போதுதான், நரம்பு கெட்டியான கயிறுபோல் நிற்பதும், தமனி தடித்த சுவருடைய குழாயாக அமுங்கி மீள்வதும், சிரை தட்டையாகச் சரிந்துவிடுவதும் புரியும். படத்தில் மட்டும் அக்குளைக் கண்டவர்கள் பெயர்களைத் தவறாமல் சொன்னார்கள். உடலில் இனங்காணத் தடுமாறினார்கள்.

வார்டுப் பயிற்சியை இழந்த மூத்த ஆண்டு மாணவர்களின் கவலை இதைவிட ஆழமானது. நெஞ்சறையில் நீர் கோத்திருக்கும் இடத்தைத் தட்டிப் பார்க்கையில் எழும் மந்தமான ஒலியைக் காணொளியில் கேட்கலாம். அந்த இடத்தில் இடது நடுவிரல் உணரும் இறுக்கத்தைக் காணொளி தராது. இதய முணுமுணுப்பு, அதாவது இதயத் துடிப்புகளுக்கு இடையே ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் கூடுதல் ஒலி, இன்னும் நுட்பமானது. நல்ல பதிவை நல்ல ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டுக் காதைப் பழக்கலாம். இதில் இணையம் உண்மையிலேயே உதவியது. அதே ஒலியை நேரலை அழைப்பில் ஒலிக்கவிட்டால், இரைச்சலை நீக்கும் மென்பொருள் அதையும் இரைச்சல் என்றே கருதி அழித்துவிடக்கூடும்; மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியோ தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாக எழுப்பாது. ஆசிரியர் "கேட்கிறதா?" என்பார், கேட்காத நாங்களும் கேட்கிறது என்றே சொல்லிவிடுவோம். அந்தப் பொய்யை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

தேர்விலும் இதே பிளவு தெரிந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020-இல் இறுதியாண்டு மாணவர்களுக்குப் புத்தகத்தைப் பார்த்தே விடையளிக்கும் தேர்வை இணையத்தில் நடத்தியது. நோயறியும் சிந்தனையை அளக்க அது தக்க வழி. வயிற்றைத் தொட்டுக் கல்லீரலின் விளிம்பை உணரும் கையை அளக்க அது உதவாது. இணைய இணைப்பு அடிக்கடி அறுந்த வீடுகளிலிருந்தும், ஒரே அறையைப் பலரோடு பகிர்ந்தும் படித்தவர்களுக்கு நேரலை வகுப்பும் இணையத் தேர்வும் கூடுதல் சுமையாயின. பதிவுகள் அவர்களிடம் சற்றுக் கனிவாக நடந்துகொண்டன: இணைப்பு கிடைத்த நேரத்தில் இறக்கிவைத்துக்கொள்ளலாம்.

சிறு குழுக்களாக வார்டுக்குத் திரும்பிய முதல் வாரத்தில், தொடுவதற்கு முன் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் என் குளிர்ந்த கை பட்டு ஒரு முதியவரின் வயிறு சட்டென்று இறுகிய பிறகே, அதை ஏன் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது எனக்கு விளங்கியது. விரிவுரைகளைப் பதிவாகவே வைத்துக்கொண்டு, அதனால் மிச்சமாகும் அரங்க நேரம் முழுவதையும் நோயாளியின் படுக்கையருகே செலவிடக் கல்லூரிகள் அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்பது அந்த ஒரு கணத்தை மனத்தில் வைத்துத்தான்.