24 கிலோ கொழுந்து மூட்டையை எந்த உலகில் சுமக்கலாம்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா கொழுந்து பறிக்கிறார். மாலையில் மூட்டையைக் கொக்கியில் மாட்டினால் தராசின் முள் ஆடி ஆடி 24 கிலோவில் வந்து நிற்கும். இறக்கி வைத்த பிறகும் அம்மாவின் தோளில் கயிறு பதிந்த தடம் சிவந்து கிடக்கும். இந்தக் கனம் குறைகிற இடம் எங்காவது உண்டா என்று தேடித்தான் கோள்களின் கணக்குக்குள் போனேன்.

நம் மலையே கொஞ்சம் குறைத்துத் தருகிறது. பூமியின் மையத்தைவிட்டுத் தள்ளிப் போகப்போக ஈர்ப்பு தளரும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் 60 கிலோ காட்டும் ஆள் 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவில் நின்றால் குறைவது சில பத்து கிராம்தான். போட்டிருக்கும் ஸ்வெட்டரே அதைவிடக் கனம்.

நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. மூட்டை 4 கிலோதான் காட்டும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை வேறு, நிறை வேறு என்று பள்ளியில் படித்தோமே, அது அங்கே காலை வாரிவிடும். குறைவது எடை மட்டும். மூட்டைக்குள் இருக்கும் பொருளின் அளவு, அதாவது நிறை, அப்படியே இருக்கும். சுமையோடு தேயிலைச் சரிவில் இறங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓட்டத்தை நிறுத்தக் கால் தரையைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியைத் தருவது எடை. நிலாவில் பிடி ஆறில் ஒன்றாகிவிடும், முன்னே தள்ளும் வேகம் தளராது. சமதரையில்கூட நிற்பதற்கு ஏறத்தாழ ஆறு மடங்கு தூரம் வேண்டும். 1972இல் அப்போலோ 16 பயணத்தில் சார்லஸ் டியூக் நிலாவில் எம்பிக் குதித்தார். முதுகுச் சுமை இழுக்க, மல்லாந்து விழுந்தார். அவர் சுவாசித்த ஆக்சிஜன் அந்த முதுகுப் பையில்தான் இருந்தது. பை உடையாததால் பிழைத்தார்.

சனியின் நிலாவான டைட்டன் இன்னும் லேசு: 3.3 கிலோ. புதன் கோளைவிடப் பெரிய உருவம், ஆனால் பாறையோடு பனிக்கட்டியும் ஏராளமாகக் கலந்திருப்பதால் இழுவிசை குறைவு. குளிரோ மைனஸ் 179 டிகிரி. உறைபனி விழுந்த மறுநாள் கருகி நிற்கும் தேயிலைச் செடிகளைப் பார்த்த எனக்கு அந்தப் பக்கம் மனம் போகவில்லை.

வெள்ளியில் கிட்டத்தட்ட 22 கிலோ. 460 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் அந்த இரண்டு கிலோ லாபம் எதற்கு? வியாழனில் மூட்டை 60 கிலோ ஆகிவிடும், காலூன்றத் தரையும் கிடையாது. சனிதான் என்னை வியக்க வைத்தது. பூமியைப் போல 95 மடங்கு நிறை, ஆனாலும் அதன் மேகமட்டத்தில் மூட்டை 25 கிலோவைச் சற்றே தாண்டும். அத்தனை நிறையும் பஞ்சுப்பொதி போலப் பரந்து கிடப்பதால், மேற்பரப்பு மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது.

புதனும் செவ்வாயும் இதே கணக்கில் சமமாகின்றன. செவ்வாய் ஏறக்குறைய இரு மடங்கு நிறை கொண்டது. புதனோ சிறிய உடம்பில் இரும்பை அடைத்து வைத்திருக்கிறது. இரண்டிலும் மூட்டை 9 கிலோ. பகலில் 430 டிகிரி கொதிக்கும் புதனை விட்டுவிடலாம்.

என் தேர்வு செவ்வாய். தோள் வலி பாதிக்கும் கீழே போகும், காலுக்கும் நிலாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிடி கிடைக்கும். உடம்புக்குக் கொஞ்சமாவது எடை வேண்டும் என்பதும் எனக்கு முக்கியம். விண்வெளி நிலையத்தில் எடையே இல்லாமல் மிதப்பவர்களுக்கு, தினமும் உடற்பயிற்சி செய்யாவிட்டால், இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் தேய்ந்துபோகும்.

இதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அங்கே எந்தத் தராசில் எடை போடுவார்கள் கண்ணு?” என்றார்.

சரியான கேள்வி. நம் தோட்டத்துத் தராசு வில் வைத்தது. இழுக்கும் விசையைத்தான் அது காட்டும். அதைச் செவ்வாய்க்குக் கொண்டுபோனால், நாள் முழுக்கப் பறித்த அதே கொழுந்துக்கு 9 கிலோ கூலிதான். இரண்டு தட்டுத் தராசு என்றால் படிக்கல்லும் கொழுந்தோடு சேர்ந்தே லேசாகும். 24 கிலோ 24 கிலோவாகவே நிற்கும்.

“அப்படியானால் தட்டுத் தராசு இருக்கிற இடத்துக்கே போகலாம்” என்றார் அம்மா.