மூன்று வாரியலும் ஒரு பலகையும்: ஏ.டி.எச்.டி.யோடு இரண்டு வருஷம்

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஆற்றை ஒட்டிய பழைய வளவு வீடு. தண்ணீர் வடிந்த பிறகு முன்கூடமான பட்டாசலில் கணுக்கால் அளவுக்குச் சகதி. அதை வழித்துத் தள்ளத் துப்புரவுச் சாமான்களைத் தேடினேன். ஈர்க்கு வாரியல் (துடைப்பம்) நான்கு, தேய்க்கிற பிரஷ் ஐந்து, தரைக்கு ஊற்றும் மருந்து பாதி பாதியாக ஆறு பாட்டில். ஒன்றை வைத்த இடம் தெரியாமல் இன்னொன்று, அதுவும் தெரியாமல் மற்றொன்று என்று பல வருஷமாக வாங்கிச் சேர்ந்தவை. இத்தனை இருந்தும் ஒரு நாள்கூட வேண்டிய நேரத்தில் வேண்டியது கைக்கு வந்ததில்லை என்று நினைத்தபோது, சகதியில் நின்றபடியே அழுதேன்.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) என்று உறுதியாகியிருந்தது, 38 வயதில். மகனைக் காட்டப் போன இடத்தில் மருத்துவர் என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றியும் கேட்டார். பெரியவர்களுக்கு இதை உறுதி செய்ய, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பார்கள். அம்மாவை அழைத்துப் போனேன். அம்மா சொன்னதிலேயே பாதி விளங்கிவிட்டது.

என் சிக்கல் சோம்பல் இல்லை. அடுப்பங்கரையில் சிந்தின அரிசியைப் பார்க்கிறேன். வாரியல் புறவாசலில் இருக்கிறது. எடுக்கப் போகிற வழியில் கொடியில் காய்ந்த துணி கண்ணில் படும். அதை எடுத்து மடிக்க உட்கார்வேன். அரிசி அப்படியே மறந்து போகும். செய்ய வந்த வேலையைச் சற்று நேரம் மனதில் பிடித்து வைக்கிற திறன்தான் எங்களுக்குக் குறைவு. ஏ.டி.எச்.டி. பற்றி நெடுநாள் ஆராய்ந்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி வலியுறுத்துவதும் இதை ஒட்டித்தான்: தெரியாததால் வருகிற குறை அல்ல இது, தெரிந்ததைச் செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாத குறை. அதனால் உதவியும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இதை வாசித்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி.

2024 பொங்கலுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்குவது என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். அழுக்கு எங்கே விழுகிறதோ அங்கேயே சாமான். அடுப்பங்கரைக்கு ஒரு பூவாரியல், பட்டாசலுக்கு ஒன்று, புறவாசலுக்கு ஈர்க்கு வாரியல். பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் ஒரு பிரஷ், குளியலறையில் ஒரு பிரஷ். மூடி எதற்கும் கிடையாது. அதற்கு முன்பு வாங்கின மூடி போட்ட பெட்டிகளில் பெயர் எழுதி ஒட்டியும் பார்த்திருக்கிறேன். மூடினதும் உள்ளே இருப்பது எனக்கு இல்லாத பொருளாகிவிடும். போனில் நினைவூட்டும் செயலியும் மூன்று வாரம்தான் ஓடியது. மணி அடிக்கும், அணைப்பேன், அவ்வளவுதான்.

ஒட்டுக் கொக்கிகளை வாங்காதீர்கள், உங்கள் சுவர் எங்களுடையது போல் பழைய சுண்ணாம்புக் காரையாக இருந்தால். நாலாம் நாள் காரையோடு பெயர்ந்து விழுந்தன. பிறகு ஆசாரியை வைத்து ஒரு தேக்குப் பலகையில் ஆறு ஆணி அடித்துச் சுவரில் திருகிக்கொண்டேன். ஈர்க்கு வாரியலுக்கு மாட்ட இடமிருக்காது. அடிக்கட்டில் கயிற்றுக் கண்ணி போட்டேன். பலகை இரண்டு வருஷமாக அசையவில்லை.

இங்கேதான் அத்தையோடு மனத்தாங்கல் வந்தது. அத்தை அம்பாசமுத்திரத்துக்காரர், வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து மறைத்துத்தான் பழக்கம். "ஏளா, வாரியலை இப்படி வாசல் பாக்கத் தொங்கப் போட்டிருக்கியே, லட்சுமி வீட்டுல தங்குவாளா?" என்றார். நான், "கண்ணுல பட்டாத்தான் அத்தை எனக்குக் கை போகும். மறைச்சு வச்சா மறந்துருதேன்" என்றேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவரே பலகையைத் தூணுக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொன்னார். அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால் தெரியும், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. எனக்கு அது போதும்.

அத்தையின் இன்னொரு வழக்கம்தான் எனக்கு எந்தச் செயலியும் தராத உதவியைத் தந்தது. விளக்கு வைத்த பிறகு வீடு தூத்துப் பெருக்கக் கூடாது. அதனால் சாயங்காலம் அவர் தூணடியில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டத் தொடங்கினால் நான் வாரியலை எடுக்க வேண்டும். நேரம் போவது தெரியாமல் தவிக்கிறவளுக்குக் கடிகார முள்ளைவிட விளக்கு வைக்கிற வேளை உறுதியாக நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் தம் வேலையைப் பார்த்தபடி சும்மா இருந்தாலே எனக்கு வேலை ஓடும், ஏ.டி.எச்.டி. உள்ள பலரும் இதைச் சொல்கிறார்கள். அத்தை ஊருக்குப் போயிருக்கிற நாட்களில் பெருக்குவது நின்று விடுகிறது. அதற்கு இன்னும் வழி காணவில்லை.

இதில் ஆபத்தான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, போன் வந்ததால் வெளியே போனேன். திரும்பி வந்தபோது தூவினதே நினைவில்லை. ஆசிட்டை எடுத்து ஊற்றிவிட்டேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இருமலும் கண் எரிச்சலுமாக வெளியே ஓடி வந்து, மகனைத் தெருவுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆசிட் இல்லை. எல்லாச் சாமானையும் கண்ணெதிரே வைக்கலாம், பாதியில் விட்ட வேலையை மறக்கிற நம்மைப் போன்றவர்கள் இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைக்கவே கூடாது. போர் தண்ணீர் விடுகிற உப்புக்கறைக்கு எலுமிச்சம்பழத்தோலும் பிரஷும் வைத்துத் தேய்க்கிறேன். மெதுவாகத்தான் போகிறது.

துடைக்கிற துணிகளுக்கு முதலில் பனை நார்ப்பெட்டி வைத்தேன், பார்க்க அத்தனை அழகு. ஐப்பசி அடைமழையில் ஈரத்துணியோடு பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. இப்போது அதில் காய்ந்த துணி மட்டும். ஈரத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை. சுழற்றிப் பிழிகிற மாப்பு வாளியை நாத்தனாருக்குக் கொடுத்தாயிற்று. நிரப்பு, பிழி, கொட்டு, கழுவு என்று அதற்கு வேலை அதிகம். எனக்குக் கடைசி இரண்டும் விடுபட்டு அழுக்குத் தண்ணீர் இரண்டு நாள் நிற்கும். பழைய வேட்டித் துணி சுற்றின கட்டையே போதும்.

இன்னொன்று, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பலகையிலிருக்கிற சாமான்களை இடம் மாற்றுகிறேன். ஒரே இடத்தில் தொங்கினால் கண்ணுக்குப் பழகி, சுவரோடு சுவராகிவிடுகிறது. மாற்றின முதல் வாரம் கை தானாகப் போகிறது. மாத்திரையும் தொடர்கிறேன், அது மனதைக் கொஞ்சம் நிறுத்தித் தருகிறது, வாரியலை எடுத்துத் தருவது பலகைதான்.

ஒட்டடைக்கம்புக்கு மட்டும் இடம் அமையவில்லை. பலகையில் மாட்டினால் நடையை மறிக்கிறது, மச்சில் போட்டால் மறந்து போகிறது. இந்தப் போகிக்கும் அடுத்த வீட்டு மதினியிடம்தான் வாங்கி அடித்தேன்.