“இன்னும் ஏழு பெட்டிதாம்மா”: பிள்ளைகள் கையில் ‘இலவச’ கேம் கொடுத்திருப்பவர்களுக்கு

வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் தொகை, கண்ணில் உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன். 38 ரசீது. மொத்தத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அத்தனையும் என் பத்து வயது மகன் விளையாடும் ஒரு ‘இலவச’ கேமுக்குப் போயிருந்தது.

முதலில் நான் செய்த தப்பு, அவனைத் திருடனைப் போல நிற்க வைத்துக் கேட்டது. “நான் திருடலம்மா. இன்னும் ஏழு பெட்டிதான் பாக்கி. அப்புறம் டிராகன் கண்டிப்பா வரும்” என்று அழுதான். மாட்டிக்கொண்டோமே என்ற பயத்தைவிட, அந்த ஏழு பெட்டி கைநழுவிப் போகிறதே என்ற தவிப்புதான் அந்த அழுகையில் தெரிந்தது. சரி, அது என்னதான் பெட்டி என்று போனை வாங்கி நானே விளையாடிப் பார்த்தேன்.

கேமுக்குள் எதற்கும் பணத்தில் விலை போடவில்லை. முதலில் வைரம் வாங்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 80 வைரம். விற்பதோ நூறு நூறாக. அதனால் பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும், அடுத்த பெட்டிக்குக் கொஞ்சம் குறையும். எவ்வளவு பணம் போகிறது என்று எனக்கே கால்குலேட்டர் இல்லாமல் தெரியவில்லை. பெட்டியைத் தொட்டால் குலுங்குகிறது. மூடியின் இடுக்கில் ஊதா வெளிச்சம் கசிந்து மெல்லப் பொன்னிறமாகிறது. பிறகு படங்கள் வரிசையாக ஓடுகின்றன, வேகம் குறைகிறது, டிராகனுக்கு முந்தைய கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறது. ‘அடச்சே!’ என்று என் வாயிலிருந்தே வந்தது. இத்தனைக்கும் தொட்ட நொடியிலேயே முடிவு தீர்மானமாகிவிடுகிறது, அந்த ஓட்டம் வெறும் நாடகம். சூதாட்ட இயந்திரங்களில் ரொம்ப காலமாக இருக்கும் அதே வித்தைதான்.

டிராகன் கிடைக்கும் வாய்ப்பு என்ன என்று தேடினேன். ஒரு மூலையில் சின்னக் கேள்விக்குறி, அதைத் தொட்டால் ஒரு பக்கம், அதன் அடியில் 1 சதவீதம் என்று இருந்தது. என் மகன் அதுவரை 83 பெட்டி திறந்திருந்தான். கணக்குப் போட்டால், 83 பெட்டி திறக்கும் நூறு பேரில் சுமார் 43 பேர் அவனைப் போலவே வெறுங்கையோடுதான் நிற்பார்கள். தொண்ணூறாவது பெட்டியில் கட்டாயம் தருவார்களாம், ‘இன்னும் ஏழு’ என்பது அதுதான். வெள்ளிக்கிழமை இரவுக்குள் திறக்காவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். பத்து வயதுப் பிள்ளை இதில் என்ன செய்வான்?

பணம் எப்படிப் போனது என்பதில் என் பங்கும் உண்டு. முதல் தடவை ஏதோ சின்னதாகக் கேட்டான், நான்தான் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும் அமைப்பு அணைந்தே கிடந்தது. இது புதுக்கதையும் இல்லை. ஒரு தடவை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடம் கேட்காமலேயே வாங்க விட்டதற்காக, 2014-இல் அமெரிக்க வணிக ஆணையம் பிடித்து, ஆப்பிள் நிறுவனம் பெற்றோர்களுக்குக் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கூகுள் 1.9 கோடி டாலர்.

அடுத்து ஆத்திரத்தில் கேமை அழித்தேன். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். வாய்ப்பு விவரம் இருந்த பக்கம், வாங்கிய பட்டியல், மகனின் கணக்கு எண் எல்லாம் அதோடு போயிற்று. மறுபடி நிறுவி ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்குள் அந்த டிராகன் பெட்டிப் பக்கத்தையே மாற்றிவிட்டார்கள். முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், கார்டை நீக்குங்கள், அழிப்பதெல்லாம் அப்புறம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதில் ஆறு வாரம் ஓடியது. ஆப் ஸ்டோர் கேம் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றது, கேம் நிறுவனம் ஸ்டோரைக் கேளுங்கள் என்றது. கடைசியில் கேம் நிறுவனத்திடமிருந்து ஒரு பதில்: வைரத்துக்கும் பெட்டிக்குள் வரும் பொருளுக்கும் பண மதிப்பு கிடையாது, திறந்த பெட்டிக்குப் பணம் திருப்பித் தரப்படாது.

அந்த வாக்கியத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பொதுவாகச் சூதாட்டம் என்றால் சட்டம் மூன்றைப் பார்க்கும்: பணம் வைப்பது, அதிர்ஷ்டம், மதிப்புள்ள பரிசு. பரிசுக்கு மதிப்பே இல்லை என்று விதிமுறையில் எழுதிவிட்டால் மூன்றாவது கால் ஒடிந்துவிடுகிறது. பெல்ஜியம் 2018-இல் இந்த வாதத்தைக் கேட்காமல், காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்றது. நெதர்லாந்தில் கால்பந்து கேம் ஒன்றின் பெட்டிகளுக்காக, அதைத் தயாரிக்கும் இ.ஏ. நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டார்கள். பெட்டி தனி விளையாட்டு அல்ல, பெரிய கேமின் ஒரு பகுதிதான் என்று சொல்லி 2022 மார்ச்சில் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரிட்டன் அதே ஆண்டு சூதாட்டச் சட்டத்தைத் தொடவில்லை, கேம் நிறுவனங்களே தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நரியிடம் கோழிக்கூட்டுச் சாவி.

நுகர்வோர் புகார் பிரிவுக்கு நான் அனுப்பிய முதல் புகாரில் ‘இது சூதாட்டம்’ என்றுதான் கொட்டி எழுதியிருந்தேன். எங்கள் வரம்பில் வராது என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, பணம் திரும்பிய இடங்களில் பெரும்பாலும் வேலை செய்தது நுகர்வோர் சட்டம். ஃபோர்ட்நைட் கேமின் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது, தெரியாமல் கை பட்டாலே வாங்கிவிடும்படி பொத்தான்களை வைத்ததற்காக. கென்ஷின் இம்பாக்ட் கேமின் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்டியதோடு, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெட்டி விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. தென்கொரியாவில் 2024-இல் மேப்பிள்ஸ்டோரி கேமின் நிறுவனத்துக்கு 1,100 கோடி வொன்னுக்கு (அந்நாட்டு நாணயம்) மேல் அபராதம் விதித்தார்கள், வாய்ப்பு விகிதத்தைச் சொல்லாமல் குறைத்ததற்காக. எழுதிப் போட்ட சதவீதத்தையும் அப்படியே நம்பக்கூடாது போலிருக்கிறது.

அதனால் இரண்டாவது புகாரில் சூதாட்டம் என்ற சொல்லே இல்லை. சிறுவனுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் விற்றது, வைரத்தைக் காட்டி உண்மை விலையை மறைத்தது, வாய்ப்பு விவரத்தை எளிதில் பார்க்க முடியாத இடத்தில் வைத்தது என்று தேதி வாரியாக எழுதினேன். பல நாடுகளில் வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, அதையும் சேர்த்தேன். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியிலேயே நேரடியாக ஆட்சேபம் எழுப்பலாம்தான், ஆனால் ஸ்டோர் நம் கணக்கையே முடக்கிவிடும் அபாயம் உண்டு என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இதுவரை 38 ரசீதில் 11-க்குப் பணம் வந்திருக்கிறது, ஸ்டோரிலிருந்து. கேம் நிறுவனத்திடமிருந்து ஒன்றும் இல்லை. நேற்று மட்டும் மகன் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: “உன் டிராகன் காத்திருக்கிறது! மூன்று நாளைக்கு மட்டும் வைரம் பாதி விலை!” அதை அழிக்கவில்லை. புகாரோடு இணைத்துவிட்டேன்.