அணு உலைப் பாதுகாப்பு: மத்திய அரசு மட்டும் போதுமா, மாநிலமும் வேண்டுமா?

கூடங்குளம் என்றாலே இந்தக் கேள்வி எழும். இந்தியாவின் முறையையும் அமெரிக்க மாநிலமான இல்லினாயின் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதிகாரம்
இந்தியா: உரிமம், ஆய்வு எல்லாம் 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம்.
இல்லினாய் (அமெரிக்கா): அங்கும் பாதுகாப்பு விதிகள் மத்திய அரசின் கையில்தான். ஆனால் 1979-ல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்துக்குப் பின், 1980-ல் மாநிலம் தனக்கென அணுப் பாதுகாப்புத் துறை அமைத்தது. உலைகளைச் சுற்றிக் காமா கதிர்வீச்சை அளக்கும் உணரிகளை வைத்தது. உலைத் தரவும் நேரடியாக மாநிலத்துக்கே வருகிறது.

செலவு
இந்தியா: மத்திய அரசு.
இல்லினாய்: அணுமின் நிலையங்கள் மாநிலத்துக்குச் செலுத்தும் கட்டணம்.

அவசரம்
இங்கேதான் என் கவலை. இடிந்தகரையில் படகு இறக்கும்போதே உலையின் குவிமாடங்கள் தெரியும். விபத்து என்றால் அந்த மக்களை வெளியேற்றும் பொறுப்பு கலெக்டருடையது. கதிர்வீச்சு அளவுகளுக்கோ அவர் நிலையத்தையும் மத்திய அமைப்புகளையும் நம்பியிருக்க வேண்டும்.

உலை வடிவமைப்பு, உரிமம் போன்றவற்றுக்கு நிபுணர்கள் ஓரிடத்தில் குவிந்த மத்திய வாரியமே பொருத்தம். கதிர்வீச்சு அளவு, எச்சரிக்கை, வெளியேற்றம் இவற்றுக்கு இல்லினாய் முறைதான் சரி. தமிழ்நாடு முதலில் கேட்க வேண்டியது சொந்த உணரிகளை.