குட்டி கணினிக்கு வெளி ஃபேனா, உள் ஃபேனா?

கோலாலம்பூரில் மதியம் அறையே 32, 33 டிகிரியில் இருக்கும்போது, ஏர்கோன் இல்லாத வீட்டில் குட்டி டெஸ்க்டாப் சூடாகி மந்தமாவதில் அதிசயமில்லை. எந்த ஃபேனும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. சூட்டை வேகமாக வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

வெளியே வைக்கும் 120 மி.மீ. யூஎஸ்பி ஃபேன் சோம்பேறிகளுக்கு வசதி (நானும் அந்தக் கட்சிதான்). லோயாட் பிளாசா மாதிரி கணினிக் கடைகள் இருக்கும் இடத்தில் வாங்கும்போது 5 வோல்ட் தானா என்று பாருங்கள். சாதாரண கேஸ் ஃபேன் 12 வோல்ட், யூஎஸ்பியில் ஒழுங்காகச் சுற்றாது. வைக்கும் இடம் முக்கியம். பல குட்டிப் பெட்டிகள் அடியிலிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கம் விடும். எனவே பெட்டியை ரப்பர் கால்களில் தூக்கி வைத்து, கீழிருந்து மேலே ஊத விடுங்கள். பின்பக்கத் துளைக்கு எதிராக ஊதினால் சூடு உள்ளேயே சுற்றும். கீழிருந்து ஊதினால், அடியில் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) இருந்தால் அதற்கும் நிம்மதி.

உள்ளே மாட்டுவது என்றால், முதலில் அளந்து பாருங்கள். நோக்டுவா நிறுவனத்தின் 92 மி.மீ. ஒல்லி ஃபேனுக்குக்கூட 14 மி.மீ. தடிமன். ஃபேனுக்கு நான்கு ஊசி (4-pin) இணைப்பு இருந்தால் மதர்போர்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரவில் சத்தம் தெரியாது. எப்படியும் திறக்கிறோம், அப்புறம் தூசியைத் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்றிவிடலாம். பழைய கணினியில் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

வாரண்டி மிச்சமிருந்தால் திறக்காதீர்கள், வெளி ஃபேனே போதும். மூன்று நான்கு வருடப் பெட்டியா? சரி, ஸ்குரூடிரைவரை எடுங்கள்.