டிரம் வகை பவுடர் மெஷர்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

வீட்டில் தோட்டா ரீலோட் செய்பவர்களுக்கு, அதாவது சுட்ட கூட்டில் மறுபடி பவுடரும் குண்டும் போட்டுத் தோட்டா ஆக்குபவர்களுக்கு, தராசு மேல் இருக்கும் மோகம் வெடிமருந்துப் பவுடரை அளந்து இறக்கும் பவுடர் மெஷர் மேல் இருப்பதில்லை. ஆனால் சார்ஜ் (ஒரு தோட்டாவுக்கான பவுடர்) ஒரே சீராக விழுவது பெரும்பாலும் மெஷரின் கையில்தான் இருக்கிறது. அது எடையை அல்ல, கொள்ளளவைத்தான் அளக்கிறது. இது தெரிந்துவிட்டால் அதன் குணம் பாதி பிடிபட்டுவிடும்.

உருண்டைப் பவுடர் தண்ணீர் மாதிரி இறங்கும். என்னுடையதில் பெரும்பாலும் 0.1 கிரெய்னுக்குள், அதாவது சுமார் 6.5 மில்லிகிராமுக்குள் நிற்கிறது. நீளக் குச்சிப் பவுடரிடம் இந்தப் பருப்பு வேகாது. கைப்பிடியைத் திருப்பும்போது பவுடரை அள்ளி இறக்கும் உருளையான டிரம்மின் விளிம்பில் ஒரு குச்சி மாட்டி நறுக்கென்று வெட்டுப்படும். அந்தச் சத்தம் கேட்ட சார்ஜைத் திரும்பக் கொட்டிவிடுவேன். இந்த வகைக்குச் சற்றுக் குறைவாக இறக்கி, மீதியைத் துளித்துளியாக உதிர்க்கும் ட்ரிக்லரில் உருட்டி நிரப்புவதுதான் சரி.

குடுவையில் பவுடர் குறையக் குறைய மேலிருந்து வரும் அழுத்தமும் குறையும், அளவும் நகரும். உள்ளே ஒரு தடுப்புத் தகடு போட்டு, பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அப்புறம் கை. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, எப்போதும் ஒரே வேகம். நடுவில் பேச்சுக் கொடுத்தால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். குடுவையை நிரப்பியதும் விழும் முதல் சில சார்ஜுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிஜிட்டல் தராசில் ஒரு விஷமம் உண்டு. பவுடரை மிக மெதுவாக உருட்டினால், பலவற்றில் அந்தச் சிறு மாற்றத்தைத் தராசே பிசகு என்று எண்ணித் தள்ளிவிடும், எண் அசையாது. தட்டைத் தூக்கித் திரும்ப வைத்தால்தான் உண்மை எடை தெரியும். மின்விசிறிக் காற்று பட்டாலும் எண் அலையும். அதனால் சோதனை எடைக்கல் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். காந்தத் தணிப்பு உள்ள பழைய கோல் தராசுக்கு இந்தச் சேட்டை கிடையாது, பொறுமைதான் வேண்டும்.

எவ்வளவு பவுடர் என்பதை அச்சிட்ட கையேட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், மெஷர் அதைச் சொல்லாது. வேலை முடிந்ததும் குடுவையைக் காலிசெய்து, பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே போட்டுவிடுவேன்.

தானே எடைபோட்டு இறக்கும் தானியங்கி டிஸ்பென்சர் தேவையா? குச்சிப் பவுடரே அதிகம் போடுபவர் வாங்கலாம். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு டிரம்மே தாராளம். ஆனால் பல கைத்துப்பாக்கிக் கூடுகளில் இரட்டை சார்ஜ் விழுந்தாலும் வெளியே வழியாது. குண்டு பொருத்தும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.