எழுவான்கரை வேலைமுறையும் படுவான்கரைக் களிமண்ணும்: ஒரு வளவுச் சீரமைப்புச் சேவை பற்றி

கடந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மட்டக்களப்பு நகரப் பக்கத்திலிருந்து வந்து வீட்டுத் தோட்டங்களை அமைத்தும் பராமரித்தும் தரும் சேவையொன்றிடம் எங்கள் முன்வளவை ஒப்படைத்தோம். எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயலை அண்டிய 20 பேர்ச் காணியில் இருக்கிறது. ஒரு மாரியும் ஒரு கோடையும் அவர்களின் வேலையின் மேல் கடந்துவிட்டதால், இதே பக்கத்தில் வளவைத் திருத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேவையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மணல்நிலத்தில் தொழில் பழகிய எவருக்கும் இதே பிழை நேர்ந்திருக்கும்.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எனக் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை நிலம் பெரும்பாலும் மணல். அங்கே ஊற்றிய தண்ணீர் நின்ற இடம் தெரியாது; ஈரத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்பதே அங்குள்ள தோட்டக்காரரின் கவலை. எங்கள் பக்கத்து வயல்மண் மாரியில் செருப்பைப் பிடுங்கும் சேறாகவும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் விரல் நுழையும் வெடிப்பாகவும் இருக்கிறது. மண்முனையில் வாவியைக் கடக்கும் பாதைக்காக, அதாவது மிதவைப் படகுக்காக, காத்திருந்து சாமான் ஏற்றிய காலம் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது. இப்போது டிப்பர் மணல் இலகுவாக வந்து சேர்கிறது. கூடவே மணல்நிலத்து வேலைமுறையும் வந்துவிட்டது.

எங்களுக்குத் தரப்பட்ட மதிப்பீட்டில் ஏறத்தாழ அரைவாசி மணலுக்கும் புல்லுக்குமே போனது. 1,800 சதுர அடியில் 3 கியூப் மணலை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, அதன்மேல் மலேசியன் புல்லைப் பாய் பாயாக விரித்தார்கள். செப்டெம்பர் முடியும் வரை நாளுக்கு இருமுறை தண்ணீர் விட்டதில் வளவு பச்சைப் பட்டு விரித்தது போலிருந்தது. பார்க்க வந்த உறவினர் இருவர் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிச் சென்றார்கள். நவம்பரில் மாரி பிடித்ததும் மணலுக்குள் இறங்கிய நீர் அடியிலிருந்த களியைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. மிதித்தால் புல் அசைந்தது. ஒரு வாரத்தில் படலை ஓரமாக மணல் கரைந்து வீதிக்கு வந்தது. நடுவில் புல் மஞ்சளாகி அழுகத் தொடங்கியது.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது தேசிக்கன்று. இரண்டடிக் கிடங்கு வெட்டி, தோண்டிய களியை அள்ளி எறிந்துவிட்டு, மணலும் மாட்டெருவும் கலந்து நிரப்பி அதை நட்டிருந்தார்கள். டிசம்பரில் இலை சுருண்டபோது தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு வாளி ஊற்றிய முட்டாள்தனம் என்னுடையது. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, தோல் விரலோடு உரிந்து வந்தது. கிடங்குக்குள்ளிருந்து அழுகிய முட்டை மணம் எழுந்தது. கிடங்கின் பக்கங்களை மண்வெட்டி வழித்த இடம் பானையின் உட்புறம் போல் மெழுகிக் கிடந்தது. மணலுக்குள் விரைவாக இறங்கும் நீர் அந்தச் சுவரைத் தாண்ட வழியில்லாமல் தேங்கிவிடுவதால், வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. களியில் சிறிதளவு மணலைக் கலப்பதும் பயன் தராது. காய்ந்தபின் அது சாந்து போல இறுகிவிடுகிறது.

முறைப்பாட்டுக்கு அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டவே வேண்டும். பொறுப்பாளர் மூன்றாம் நாள் நேரில் வந்தார், மழையின்மேல் பழிபோடவில்லை, திருத்த வேலைக்குக் கூலியை மட்டுமே கேட்டார். உடன் அழைத்து வந்திருந்த முதியவர் ஒருவர் எங்கள் பக்கத்து வேளாண்மைக்காரர். அன்றே கொத்தத் தொடங்கலாமா என்று நான் கேட்டதற்கு, "ஈரத்தில கொத்தினா கட்டியாப் போயிடும், காய்ஞ்சா அலவாங்கும் இறங்காது மனே, பதம் பார்த்துத்தான் தொடணும்" என்றார். அவருடைய சொற்படி பெப்ரவரி வரை காத்திருந்தோம். பிறகு வீட்டிலிருந்து வீதி வரையான 40 அடிக்கு ஐந்து அங்குலம் சரியும்படி நிலத்தை மட்டமாக்கி, ஓரத்தில் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, மாட்டெருவையும் நெல் ஆலையில் வாங்கிய உமியைக் கருக்கியும் மேல்மண்ணோடு கலந்தார்கள். புதிய தேசிக்கன்று இம்முறை கிடங்குக்குள் போகவில்லை. ஓரடி உயர மண்மேட்டின்மேல் நிற்கிறது. விலைகொடுத்து வாங்கிய புல் போன இடங்களில் வயல்வரம்பு அறுகையே பதித்தார்கள். அழகில் அது ஒரு படி குறைவுதான். ஆயினும் இந்த ஓகஸ்ட் வெயிலில், நிலம் வெடித்தபோதும், அது காயவில்லை.

இன்டர்லொக் கல் பதித்த நடைபாதையிலும் இதே கதைதான்: மெல்லிய மணலின்மேல் வைத்த கற்கள் மாரியில் புதைந்து கோணலாகின. ஆறு அங்குலம் கிறவல் போட்டு இறுக்கி மறுபடி வைத்தபின் அசையவில்லை. மாதாந்தப் பராமரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாளில் வருகிறார்கள், செவ்வரத்தை வேலியைச் சீராக வெட்டுகிறார்கள், குப்பையையும் ஏற்றிச் செல்கிறார்கள். புல்லை மட்டும் ஒட்ட வெட்டும் பழக்கத்தை இரண்டு முறை சொல்லித்தான் மாற்ற முடிந்தது.

ஆகவே, பராமரிப்புக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். புதிதாக வளவு அமைப்பதாயின், யாருடன் பேசினாலும் முற்பணம் கொடுக்க முன்னர் ஓரடிக் கிடங்கு வெட்டி நீர் நிரப்பச் சொல்லுங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, மறுநாள் காலை வந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வளவில் அந்த இரண்டாம் நீர் விடிந்தும் கிடந்தது. பிழை நடந்த பிறகே அந்தக் காட்சியை நாங்கள் கண்டோம்.

பின்வளவு வேலையையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறோம். ஒக்டோபரில் இரண்டு மழை விழுந்து, பிடித்த மண் கையில் உதிரும் பதத்துக்கு வந்ததும் தொடங்குவதாகப் பேச்சு. அந்த முதியவரும் வருவார் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார்கள். மணல் என்ற வரி இம்முறை அதில் இல்லை.